சுண்டுவிரல்

திரும்பி வந்து ஆறு வாரமாகியும்
இடது கையின் கடைசி இரண்டு விரல்கள்
இன்னும் ஊர் வந்து சேரவில்லை.
ரவிக்கைக் கொக்கி பிடிபடுவதில்லை.
கேஸ் லைட்டர் நழுவுகிறது.
ஹேண்டில்பாரை அழுத்தி அழுத்தி
நரம்பு நசுங்கியிருக்கிறது என்கிறார்
பெரம்பூர் பிசியோதெரபிஸ்ட்.
"எவ்வளவு தூரம்மா ஓட்டினீங்க?"

எல்லோரும் கேட்பது அதைத்தான்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு கிலோமீட்டர் என்றால்
ஒரு "அடேங்கப்பா",
அடுத்து "சோறு கிடைச்சுதா?",
அதற்குள் கீழே தண்ணி லாரி வந்துவிடும்.

பிஷ்கெக்கிலிருந்து ஓஷ் வரை ஹஃப்ஸாவும் வந்தாள்.
அவள் சலாம் சொன்ன வீடுகளில்
எனக்கும் சேர்த்தே ரொட்டி வைத்தார்கள்.
வட்ட ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாதாம்.
அவள் பார்த்தே கற்றுக்கொண்டாள்.
நான் கவிழ்த்து வைத்தேன்,
வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தாமல்
திருப்பி வைத்தார்.

ஓஷில் சண்டை.
காற்றடிக்கும் பம்ப் யார் பையில் இருக்க வேண்டும் என்று.
அப்படித்தான் தொடங்கியது. முடிந்தபோது
ஐந்தாம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையும்
விடுதி முற்றத்தில் கொட்டிக் கிடந்தது.
அவள் விமானம் ஏறினாள்.
நான் சந்தையில் புது பம்ப் வாங்கினேன்.
மூன்றாம் நாள், முதல் பஞ்சரில்,
நாலே அடியில் அது கழன்று வந்தது.
பையின் அடியைத் துழாவிய கைக்கு,
காலுறைக்குள் சுருட்டி,
பழைய பம்ப்.

அதற்கப்புறம் சாலை என்று ஒன்றில்லை.
ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஓட்டுவதுபோல
நாளெல்லாம் தடதடப்பு.
விரல்கள் அங்கேதான்
ஒன்றன்பின் ஒன்றாய் இறங்கிக்கொண்டன.

காராகூல் ஏரிக்கரையில் எதிர்க்காற்று.
பதினொரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன்.
ஒரு லாரிக்காரர் நிறுத்தி, ஏறு என்றார் கையால்.
நான் தலையாட்டினேன்.
நம் ஊர் தலையாட்டல்
ஆமாமா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை.
கொஞ்சம் யோசித்து
ஒரு தர்பூசணியைச் சாலையோரம் வைத்துவிட்டுப் போனார்.
கத்தி ஹஃப்ஸாவோடு போயிருந்தது.
கல்லில் மோதி உடைத்து
கையால் தோண்டித் தோண்டி
அழுதுகொண்டே தின்றேன்.
அதற்குப் படம் இல்லை.
படம் இருப்பதெல்லாம்
கணவாய்ப் பலகைக்குப் பக்கத்தில் சிரித்தவை,
பலகையில் இருந்ததோ
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.

இப்போது சைக்கிள் பால்கனியில் நிற்கிறது.
துண்டுகள் காய்கின்றன.
ஒருநாள் எடுத்துப் போனேன்,
வியாசர்பாடி வரைக்கும்தான்.
சிக்னல் பச்சை ஆனது தெரியாமல்
ஏதோ மலையில் நின்றிருக்கிறேன்.
பின்னாலிருந்து ஆட்டோ:
"வூட்ல சொல்லிகினு வந்தியா?"
போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனேன் அண்ணா.
வந்து சொல்லத்தான்
வாய் வரவில்லை.

நேற்று ராயப்பேட்டை.
மூன்று மாடி ஏறி, பம்பை மேசைமேல் வைத்தேன்.
ஹஃப்ஸா அதைத் தொடவில்லை.
"எனக்கெதுக்கு? சைக்கிளை வித்தாச்சு.
மண்ணடிப் பையன் ஒருத்தன்.
சாப்பாடு டெலிவரி பண்றான்."
டீ ஊற்றினாள்.
"ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர் ஓட்றானாம்டி.
இங்கேயே. சுத்திச் சுத்தி."

நாங்கள் ஒருநாள்கூட எண்பது தொட்டதில்லை.
இருவருக்கும் அது தெரியும்.
முதலில் அவள் சிரித்தாளா நானா என்று
நினைவில்லை.

கண்ணாடி டம்ளர்.
எங்கிருந்தோ, மிகத் தொலைவிலிருந்து,
எதிர்க்காற்றில் தள்ளிக்கொண்டு வருவதுபோல்
மெல்ல மெல்ல
சுண்டுவிரலில் சுட்டது.

"கீழே வையேன்" என்றாள்.
வைக்கவில்லை.